மயிரிழையும் தடிகோடும்: வாசகர் கேள்வி–பதில்

கடைப் பெயர்ப்பலகைகளின் எழுத்தழகைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே வகை எழுத்தைப் பற்றியே கேட்கின்றன. கோடுகளின் முனையில் செரிஃப் எனப்படும் குறுங்கால்கள் இல்லாமல், ஓர் எழுத்துக்குள்ளேயே ஒரு கோடு நன்றாகத் தடித்தும் இன்னொரு கோடு மயிரிழையாக மெலிந்தும் நிற்கும் தலைப்பு எழுத்துருதான் அது. நகை, பட்டு, நறுமணப் பொருள் விளம்பரங்களில் இன்று அதிகம் தென்படுகிறது. கேரள எல்லையோரத்துத் தமிழர்கள் தமிழையும் மலையாளத்தையும் ஆங்கிலத்தையும் ஒரே பலகையில் எழுதவேண்டியிருப்பதால் அவர்களுடைய கேள்விகளில் தனியொரு சிக்கலும் இருக்கிறது. ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: பொள்ளாச்சிச் சாலையில் உள்ள எங்கள் ஜவுளிக்கடையைப் புதுப்பித்து வருகிறோம். பலகையில் மூன்று மொழிகளும் வேண்டும். வடிவமைப்பாளர் காட்டிய ஆங்கில எழுத்து, நீங்கள் குறிப்பிடும் வகையைச் சேர்ந்தது. மிக அழகாக இருக்கிறது. தமிழையும் மலையாளத்தையும் அதே பாணியில் வரையச் சொல்லலாமா?
— ஜவுளிக்கடை உரிமையாளர், கொழிஞ்சாம்பாறை

பதில்: ஐயா, பாணியை எடுத்துக்கொள்ளுங்கள், தடிப்பும் மெலிவும் எந்தக் கோட்டில் விழவேண்டும் என்ற விதியை மட்டும் ஆங்கிலத்திலிருந்து எடுக்காதீர்கள்.

உரோமன் எழுத்தில் பொதுவாகச் செங்குத்துக் கோடு தடித்தும் கிடைக்கோடு மெலிந்தும் இருக்கும். தட்டையான முனையுடைய பேனாவைச் சாய்த்துப் பிடித்து எழுதிய பழக்கத்திலிருந்து அவ்வெழுத்துக்கு வந்த இயல்பு அது. அதே விதியைத் தமிழில் வைத்துப் பாருங்கள். 'ப' என்ற எழுத்தின் அடிக்கோட்டை மயிரிழையாக்கினால் சற்றுத் தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டு தூண்கள் மட்டும் தெரியும். 'ட' ஒற்றைத் தூணாகிவிடும். ய, ம, ங ஆகியவையும் அடியில் கிடக்கும் கோட்டைத் தாங்கலாகக் கொண்டவையே. அந்தக் கோடு மறைந்தால் சொல் நிற்பதற்குத் தரையே இல்லாமல் போகிறது. 'பட்டு' என்ற சொல்லை அப்படி எழுதி, தெருவின் மறுபுறத்திலிருந்து ஒருமுறை பார்த்தால் நான் சொல்வது விளங்கும். உங்கள் கடைக்கு அந்தச் சொல்லே உயிர்.

இதைவிடக் கவலை தருவது பொருள் மாறிப்போகும் இடங்கள். 'ர' என்ற எழுத்தையும் கால் குறியான 'ா' என்பதையும் பிரித்துக் காட்டுவது அடியில் உள்ள ஒரு சிறு சாய்கோடுதான். 'எ' என்பதை 'ஏ' ஆக்குவதும் அடியில் இழுக்கும் ஒரு சிறு கோடே. 'எரி' என்பதும் 'ஏரி' என்பதும் அதனால்தான் வேறு வேறு சொற்கள். மெய்யெழுத்தின் புள்ளியும் அப்படிப்பட்டதே. மெலிய வைக்க ஏற்ற இடம் தேடும் வடிவமைப்பாளர் பெரும்பாலும் இந்தச் சிறு கோடுகளில்தான் கை வைப்பார். அங்கே மட்டும் மெலிவை அனுமதிக்காதீர்கள். சுழிகளின் வளைவுகளிலும், மேலேறித் திரும்பும் கொக்கிகளிலும், எழுத்தின் வடிவத்துக்குக் கேடு வராத இணைப்புகளிலும் மெலியட்டும். அப்போதும், பலகைக்கு வரும் தமிழில் மெலிந்த கோடு தடித்த கோட்டின் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போகக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இனி அளவைப் பார்ப்போம். இயல்பான பார்வையுடைய ஒருவரின் கண் ஒரு பாகையின் 60-இல் ஒரு பங்கு அளவிலான நுணுக்கத்தைப் பிரித்தறியும். 10 மீட்டர் தொலைவில் அது ஏறத்தாழ 3 மி.மீ.; 30 மீட்டரில் ஏறத்தாழ 9 மி.மீ. உங்கள் பலகையில் எழுத்தின் உயரம் 30 செ.மீ. என்றும், தடித்த கோடு அதில் ஆறில் ஒரு பங்கு, மெலிந்த கோடு அறுபதில் ஒரு பங்கு என்றும் வைத்துக்கொண்டால், அவை முறையே 5 செ.மீ., 5 மி.மீ. ஆகின்றன. எதிர்ப்புறம் நிற்பவர் இரண்டையும் காண்பார். பேருந்தில் தொலைவிலிருந்து வருபவருக்குத் தடித்த பகுதிகள் மட்டும் துண்டுதுண்டாகத் தெரியும். இரவில் நிலைமை இன்னும் மோசமாகும். உள்ளிருந்து ஒளிரும் எழுத்தானால் 5 மி.மீ. கோட்டுக்குள் எல்.இ.டி. வில்லைகளைப் பொருத்தவே இடம் இராது. அக்ரிலிக் தகட்டை அவ்வளவு மெல்லியதாக வெட்டினால் மாட்டும்போதே ஒடியும்.

மலையாளத்துக்கு வருகிறேன். அதன் எழுத்துகள் தமிழைவிட உருண்டவை, அகன்றவை. கூட்டெழுத்துகளில் சுழிக்குள் சுழி வரும். மூன்று மொழிகளிலும் தடிப்பு மெலிவைக் காட்டினால் பலகை முழுவதும் கோடுகள் ஒன்றோடொன்று போட்டியிடும். உங்கள் வாடிக்கையாளர்கள் கடையை எந்த மொழிப் பெயரால் அறிந்திருக்கிறார்களோ அந்த ஒரு மொழியில் மட்டும் அந்த நளினத்தைக் கொடுத்து, மற்ற இரண்டையும் சீரான தடிப்புள்ள எழுத்தில் அமைதியாக எழுதச் சொல்லுங்கள். சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் அமைப்பு 2016-இல் வெளியிட்ட மஞ்சரி என்ற மலையாள எழுத்துரு, முனைகள் உருண்ட சீரான கோடுகளைக் கொண்டது. இத்தகைய பலகையில் துணை எழுத்தாக நிற்க மிகவும் ஏற்றது. உயரத்தைப் பொருத்தும்போது ஆங்கிலப் பேரெழுத்தின் உயரத்தைத் தமிழ்க் 'க'வின் உயரத்தோடு ஒப்பிட வேண்டும். 'கி', 'கீ' ஆகியவற்றின் மேல்விளிம்போடு ஒப்பிட்டால் தமிழ் சிறுத்துப்போகும். எல்லையோர ஊர்களில் தமிழ் சிறுத்து நிற்கும் பலகைகள் பலவற்றில் இந்தப் பிசகைக் காண்கிறேன். அவற்றைப் பார்க்க எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

கேள்வி: இத்தகைய எழுத்து கணினிக் காலத்து நாகரிகமா, அல்லது பழையதா?
— வடிவமைப்பு மாணவி, திருவனந்தபுரம்

பதில்: இன்று கிடைக்கும் பெயர்கள் புதியவை, எண்ணம் பழையது.

தடிப்புக்கும் மெலிவுக்கும் இடையே பெரும் வேறுபாடு காட்டும் அச்செழுத்தை 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிசில் திதோ குடும்பத்தாரும் இத்தாலியின் பார்மா நகரில் பொதோனியும் உச்சத்துக்குக் கொண்டுசென்றார்கள். வழுவழுப்பான தாளும் நல்ல மையும் கிடைத்த பிறகுதான் மயிரிழைக் கோடு அச்சில் உடையாமல் விழுந்தது என்பதை மறக்கக்கூடாது. ஆனால் அவ்வெழுத்துகளுக்குக் குறுங்கால்கள் உண்டு. குறுங்கால் இல்லாத அச்செழுத்தை 1816-இல் இலண்டனில் நான்காம் வில்லியம் காஸ்லன் தம் மாதிரிப் புத்தகத்தில் காட்டினார். அதில் பேரெழுத்துகள் மட்டுமே இருந்தன, கோடுகளும் ஏறத்தாழ ஒரே தடிப்புடையவை. அதன் பிறகு நீண்ட காலம் குறுங்கால் இல்லாத எழுத்து என்றாலே சீரான கோடு என்றுதான் அச்சுலகம் எண்ணியது. 1927-இல் வந்த ஃபியூச்சுராவும் 1957-இல் வந்த ஹெல்வெட்டிகாவும் அந்த எண்ணத்தை உறுதிப்படுத்தின.

இந்த இரண்டு வழிகளையும் இணைத்தவர்கள் இடையிடையே தோன்றியபடியே இருந்தார்கள். ஜெர்மனியில் யாக்கோப் எர்பார் 1909-இல் வரைந்த ஃபெடர்-குரோட்டெஸ்க் அத்தகையது. சுவரொட்டிக் கலைஞர் கசாந்திரா 1937-இல் பாரிசின் தெபெர்னி-பேஞோ அச்செழுத்து வார்ப்பகத்துக்காக உருவாக்கிய பேஞோ எழுத்து இன்னும் துணிச்சலானது. சிற்றெழுத்து வரவேண்டிய இடங்கள் பலவற்றில் பேரெழுத்தின் வடிவத்தையே சிறிதாக்கி வைத்தார். அதைக் கொண்டு நூல் அச்சிடலாம் என்றும் அவர் நம்பினார். தலைப்புகளிலும் விளம்பரங்களிலும் மட்டுமே அது நிலைத்தது.

எல்லாரும் அறிந்த எடுத்துக்காட்டு ஹெர்மன் சாப்ஃபின் ஆப்டிமா. 1950-இல் ஃபுளோரன்ஸ் நகரின் சாந்தா குரோச்சே தேவாலயத்துக்குச் சென்ற அவர், தரையில் பதித்த கல்லறைக் கற்களில் குறுங்கால் இல்லாத, ஆனால் முனைகளை நோக்கி மெல்ல விரியும் எழுத்துகளைக் கண்டார். கையில் வேறு தாள் இல்லாததால் 1000 லிரா பணத்தாளிலேயே அவற்றை வரைந்துகொண்டார். அந்த எழுத்து 1958-இல் ஸ்டெம்பல் வார்ப்பகத்தின் வழியாக வெளிவந்தது. ஆப்டிமாவில் தடிப்புக்கும் மெலிவுக்கும் உள்ள வேறுபாடு மென்மையானதே. வாஷிங்டனில் 1982-இல் திறக்கப்பட்ட வியட்நாம் போர் நினைவுச்சுவரின் கருங்கல்லில் 58,000-க்கும் மேற்பட்ட பெயர்களைச் சிறிய அளவில் செதுக்க அது தாங்கியதற்கு அந்த மென்மையே காரணம் என்று கருதுகிறேன். நீங்கள் இன்று திரையில் காணும் மிகு வேறுபாட்டு எழுத்துகளைக் கொண்டு அந்தப் பணியைச் செய்திருக்க முடியாது. பயிற்சிக்காக இவ்விரண்டையும் அருகருகே வைத்து, ஒரே சொல்லைச் சிறிதாக்கிக்கொண்டே போய், எந்த அளவில் எது உடைகிறது என்று குறித்துப் பாருங்கள்.

கேள்வி: தமிழ் அச்சுக்குத் தொடக்கத்திலிருந்தே தடிப்பு–மெலிவு உண்டா? எங்கள் ஊரில் முதல் தமிழ் நூல் அச்சானது என்பதால் கேட்கிறேன்.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், கொல்லம்

பதில்: உங்கள் ஊருக்குள்ள அந்தப் பெருமை உண்மையானது. என்றிக்கே என்றிக்கசு அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578 அக்டோபரில் கொல்லத்தில் அச்சாயிற்று. பதினாறே பக்கங்கள் கொண்ட அந்நூலில் முந்தைய ஆண்டு கோவாவில் வார்த்த எழுத்துகளும், அந்த ஆண்டு கொல்லத்திலேயே வார்த்த எழுத்துகளும் இடம்பெற்றுள்ளன. அடுத்த ஆண்டு கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' வந்தது. தமிழ் அச்சின் முதல் அடிகள் இன்றைய கேரளக் கடற்கரையில் பதிந்தவை என்பதை எல்லையின் இருபுறத்தவரும் நினைவில் வைக்கவேண்டும்.

அச்சுக்கு முன்னால் ஓலை இருந்தது. எழுத்தாணி ஓலையைக் கீறும்போது கோட்டின் தடிப்பை மாற்றிக் காட்ட வழியில்லை. எந்தத் திசையில் இழுத்தாலும் ஏறத்தாழ ஒரே கீறல்தான். நேர்கோட்டை அழுத்தி இழுத்தாலோ புள்ளியைக் குத்தி வைத்தாலோ ஓலை கிழியும் என்பதால் எழுத்துகள் வளைந்தன, புள்ளி பெரும்பாலும் விடுபட்டது. ஏகார ஓகார வேறுபாட்டை வரிவடிவத்தில் தெளிவாக்கிய சீர்திருத்தம் 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வீரமாமுனிவரின் பெயரோடு சொல்லப்படுகிறது. ஆகவே தமிழ் எழுத்தின் எலும்பு சீரான கோட்டால் ஆனது. தடிப்பும் மெலிவும் உலோக அச்சின் வழியாக அதன்மேல் வந்தவை.

இந்த வரலாற்றில் அளவு எப்போதும் ஒரு கேள்வியாக இருந்திருக்கிறது. ஜெர்மனியின் ஹாலெ நகரில் வார்க்கப்பட்டுத் தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவையாக இருந்து தாளை விழுங்கியதால், சீகன்பால்குவின் அச்சகத்தார் உள்ளூரிலேயே சிறியவற்றை வார்த்துக்கொண்டு 1715-இல் புதிய ஏற்பாட்டை முடித்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் சென்னை அமெரிக்க மிஷன் அச்சகத்தில் ஹண்ட் உருவாக்கிய நுண்ணிய எழுத்துகளால்தான் 1862-இல் வின்சுலோவின் பேரகராதி ஒரே நூலுக்குள் அடங்கியது. எழுத்தைச் சிறிதாக்க வேண்டிய தேவை வந்தபோதெல்லாம் சுழிக்குள் இருக்கும் வெண்மையைக் காப்பதுதான் வார்ப்பவருக்குப் பெரும்பாடு. ண, ஞ, ஐ, ணை ஆகியவற்றின் சுழிகள் மை பரவினால் முதலில் அடைபடுவன. தலைப்புக்கு வரும் மிகு வேறுபாட்டுத் தமிழெழுத்தை மதிப்பிடும்போதும் நான் முதலில் இவற்றையே பார்க்கிறேன்: தடித்த கோடு சுழிக்குள் புகுந்து வெண்மையைத் தின்றிருந்தால், மற்ற எழுத்துகள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த எழுத்துருவை ஒதுக்கிவிடுவேன்.

கேள்வி: மகளின் திருமண அழைப்பிதழில் பெயர்களை இவ்வகை எழுத்தில் பொன்முலாம் பூசி அச்சிட விரும்புகிறோம். சரியாக வருமா?
— இல்லத்தரசி, சித்தூர், பாலக்காடு மாவட்டம்

பதில்: அம்மா, இவ்வகை எழுத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. சொற்கள் குறைவு, தாள் நல்லது, படிப்பவர் கையில் வைத்து நிதானமாகப் பார்ப்பார். மணமக்களின் பெயர்களை மட்டும் இதில் வையுங்கள். முகூர்த்த நேரம், மண்டபத்தின் பெயர், வழி ஆகியவை சீரான எழுத்தில் இருக்கட்டும். மூத்தவர்கள் கண்ணாடியைத் தேடவேண்டிய நிலை வரக்கூடாது.

பொன்முலாம் சூடான அச்சினால் அழுத்தி ஒட்டப்படுவது. கோடு மிக மெலிந்தால் முலாம் அந்த இடத்தில் பிடிக்காமல் அறுந்துபோகும். இரண்டு கோடுகள் மிக நெருங்கினால் இடைவெளியை முலாம் மூடிவிடும். தாள் சொரசொரப்பானதாக இருந்தால் இரண்டும் நடக்கும். எனவே அழைப்பிதழுக்குத் தேர்ந்தெடுத்த அதே தாளில், உங்கள் மகளின் பெயரையே வைத்து ஒரு மாதிரி அடித்துத் தரும்படி அச்சகத்தில் கேளுங்கள். கணினித் திரையில் பெரிதாக்கிக் காட்டும் மாதிரியை வைத்து முடிவு செய்யாதீர்கள். கரும்பச்சை, கருஞ்சிவப்பு போன்ற அடர்ந்த நிறத்தில் வெள்ளை எழுத்து விடுவதாக இருந்தால் கூடுதல் கவனம் தேவை: சுற்றியுள்ள மை உள்நோக்கிப் பரவுவதால் மெலிந்த கோடு இன்னும் மெலியும்.

கேள்வி: எங்கள் பள்ளி ஆண்டுமலர் முழுவதையும் இந்த எழுத்தில் அமைக்கலாமா? கைப்பேசியிலும் படிக்கக் கொடுக்க இருக்கிறோம்.
— தமிழாசிரியை, மூணாறு

பதில்: வேண்டாம். அட்டைக்கும் பகுதித் தலைப்புகளுக்கும் போதும். மெலிந்த கோடு எழுத்தளவில் நூற்றுக்கு 2 பங்கு என்று கொண்டால், திரையில் 16 படப்புள்ளி (பிக்சல்) அளவில் அது ஒரு படப்புள்ளியின் மூன்றில் ஒரு பங்கே ஆகிறது. திரை அதைச் சாம்பல் கறையாகத்தான் காட்டும். அதே எழுத்து 96 படப்புள்ளி அளவில் ஏறத்தாழ 2 படப்புள்ளிக் கோடாகத் தெளிவாக நிற்கும். மாணவர்களின் கட்டுரைகளுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், கேட்டமரன் ஆகியவற்றில் ஒன்றைக் கொள்ளுங்கள். தோட்டத் தொழிலாளர் குடும்பத்துப் பெற்றோர்கள் தம் பிள்ளைகள் எழுதியதைத் தடையின்றிப் படிப்பதே மலரின் நோக்கம்.

கேள்வி: வாடிக்கையாளர் கேட்கும் பாணி தமிழில் கிடைக்காதபோது, இருக்கும் எழுத்தையே பக்கவாட்டில் இழுத்தும், வெளிக்கோடு சேர்த்தும் சமாளிக்கிறோம். இது தவறா?
— டி.டி.பி. நிலையம் நடத்துபவர், வண்டித்தாவளம்

பதில்: தவறு என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை; ஆனால் காரணத்தைச் சொல்லாமல் விடுவதும் முறையன்று.

எழுத்தை அகலவாக்கில் 140 விழுக்காடாக நீட்டினால் செங்குத்துக் கோடுகள் அதே விகிதத்தில் தடிக்கின்றன. கிடைக்கோடுகளின் தடிப்பு மாறுவதில்லை. மேலோட்டமாகப் பார்க்கும்போது தடிப்பு–மெலிவு வந்துவிட்டதுபோல் தோன்றும். ஆனால் வளைவுகளில் தடிப்பு எங்கே தொடங்கி எங்கே முடியவேண்டும் என்று எவரும் தீர்மானிக்கவில்லை. சுழிகள் நசுங்கிய முட்டைகளாகின்றன, சாய்கோடுகள் படுத்துவிடுகின்றன. அகலத்தை 70 விழுக்காடாக ஒடுக்கினால் இதற்கு நேர்மாறு: 10 அலகுத் தடிப்புள்ள செங்குத்துக் கோடு 7 ஆகிறது, அடிக்கோடுகள் மட்டும் கனத்து நிற்கின்றன. வெளிக்கோடு சேர்ப்பது இவற்றைவிடக் கேடானது. எல்லாக் கோடுகளுக்கும் ஒரே அளவு தடிப்பைக் கூட்டுவதால் மெலிந்த கோடு இரண்டு மடங்காகும்போது தடித்த கோடு சிறிதளவே கூடுகிறது; எந்த வேறுபாட்டுக்காக அந்த எழுத்தைத் தேர்ந்தெடுத்தோமோ அதுவே அழிகிறது.

நீங்கள் பாமினி போன்ற பழைய குறியீட்டு எழுத்துருக்களையும், மலையாளத்துக்கு எம்.எல்.-டி.டி. கார்த்திகாவையும் இன்னும் பயன்படுத்துபவராக இருக்கலாம். அவற்றில் கொம்பும் காலும் தனித்தனி எழுத்துகளாகவே அடிக்கப்படுகின்றன. நளினத்துக்காக எழுத்துகளுக்கிடையே இடைவெளியைக் கூட்டினால் 'பொ' என்பது மூன்று துண்டுகளாகச் சிதறும். ஆங்கிலப் பேரெழுத்துகளுக்கு அகன்ற இடைவெளி அழகு சேர்க்கும். தமிழில் உயிர்மெய் ஒன்றாகப் படிக்கப்படவேண்டும் என்பதால் ஒருங்குறி எழுத்துருவிலும் இடைவெளியைச் சிறிதளவே கூட்டுங்கள்.

மாற்று வழியைக் கேட்பீர்கள். ஆங்கிலப் பெயர் மிகு வேறுபாட்டுச் சான்ஸ், அதாவது குறுங்கால் இல்லாத, எழுத்தில் இருக்கும்போது, தமிழுக்கும் பெயரில் 'சான்ஸ்' என்று இருப்பதையே தேடுகிறோம். அங்கே சீரான கோடுகளே கிடைக்கின்றன. தமிழ் எழுத்தின் முனையில் உரோமனைப்போல் குறுங்கால் நிற்பது வழக்கம் இல்லை. ஆகவே நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற, 'செரிஃப்' என்ற பெயரோடு வரும் எழுத்துருக்களில்தான் உங்களுக்கு வேண்டிய தடிப்பும் மெலிவும் இருக்கின்றன. அது மிக மெல்லியது முதல் மிகக் கனத்தது வரை பல எடைகளில் கிடைக்கிறது. எடையை ஆங்கிலத்தின் தடித்த கோட்டோடு ஒப்பிட்டுத் தேர்ந்தெடுங்கள். பணமும் நேரமும் உள்ள வாடிக்கையாளரானால், அந்த ஐந்தாறு எழுத்துகளை மட்டும் எழுத்துக் கலைஞர் ஒருவரிடம் கையால் வரைந்து வாங்குவதே எல்லாவற்றினும் நல்லது. தட்டைத் தூரிகையால் சுவரிலும் தகரத்திலும் தமிழும் மலையாளமும் எழுதிப் பழகிய கலைஞர்கள் உங்கள் பகுதியில் இன்னும் இருக்கிறார்கள். தூரிகை திரும்பும் இடத்தில் கோடு எப்படித் தானே மெலிகிறது என்பதை அவர்கள் கை அறியும்.

கேள்வி: ஆப்டிமா போன்றவற்றை இலவசமாகத் தரவிறக்கிக் கடைச் சின்னத்துக்குப் பயன்படுத்தலாமா?
— தொழில்முனைவோர், கொல்லங்கோடு

பதில்: ஆப்டிமா விலை கொடுத்து உரிமம் பெறவேண்டிய எழுத்துரு. சில தளங்களில் இலவசமாகக் கிடைக்கும் நகல்களும், 'தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும்' என்ற குறிப்போடு வருபவையும் வணிகச் சின்னத்துக்கு உதவா. கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் டெனர் சான்ஸ், பெல்லெசா, எர்பாரின் 1909 எழுத்தை அடியொற்றிய ஃபெடரோ ஆகியவை திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. வணிகப் பயன்பாட்டுக்குத் தடையில்லை. இவற்றில் தமிழெழுத்துகள் இல்லை என்பதால், தமிழ்ப் பெயரையும் அதே கோப்பில் தட்டச்சு செய்தால் கணினி தானாக வேறோர் எழுத்துருவை இட்டு நிரப்பும். தமிழுக்குரியதை நீங்களே தேர்ந்து, இரண்டையும் எழுத்துரு இல்லாமலே திறக்கும் வெளிவரைவாக (அவுட்லைன்) மாற்றிய பிறகு பலகை வெட்டுபவரிடம் கோப்பைக் கொடுங்கள்.